வீட்டில் ஒருவருக்கு மனப்பிறழ்வு வந்தால்: குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மனநலப் பிரிவுக்கு முதல்முறை வரும் குடும்பத்தார் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பாத்தாச்சு, கேக்கவே மாட்டேங்காரு. இவருக்கு எப்பிடிப் புரிய வைக்கது?" பக்கத்து வீட்டுக்காரன் சுவர் வழியாக ஏதோ செய்கிறான், மனைவிக்கு வேறு ஆளோடு தொடர்பு இருக்கிறது, சாப்பாட்டில் யாரோ கைவிஷம் வைத்துவிட்டார்கள் என்று அவர் உறுதியாக நம்புவார். அதை உடைக்க வீட்டில் உள்ளவர்கள் மாதக்கணக்கில், சில வீடுகளில் வருடக்கணக்கில், வாதாடி ஓய்ந்திருப்பார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அந்த நம்பிக்கையோடு சண்டை போடுவதை நிறுத்துங்கள். அவருடைய தூக்கம், பயம், சாப்பாடு, உங்கள்மேல் அவருக்கு மிச்சமிருக்கும் பாசம் ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் போய்ச் சேருங்கள். நோயில் கடைசியாக விலகுவது அந்த நம்பிக்கைதான். "எனக்கு நோய்" என்று அவர் ஒத்துக்கொண்ட பிறகு போகலாம் என்று காத்திருந்தால் நல்ல காலமெல்லாம் வீணாகிவிடும்.

இப்படிப்பட்ட குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. மருந்தை முடிவு செய்ய மருத்துவர் இருக்கிறார். அவரிடம் போவதற்கு முன்னும் பின்னும் வீட்டில் செய்யவேண்டியதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: நடப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

எது நிஜம், எது இல்லை என்று பிரித்தறியும் திறன் குலைந்துபோவதுதான் மனப்பிறழ்வு. மருத்துவர்கள் சைக்கோசிஸ் என்பார்கள். காய்ச்சல் எப்படிப் பல நோய்களில் வருமோ, அப்படி இதுவும் பல நோய்களில் வரும்.

வெளியே தெரியும் அறிகுறிகள் சில. பக்கத்தில் யாரும் இல்லாதபோது குரல் கேட்கும். இரண்டு பேர் தன்னைப் பற்றிப் பேசிக்கொள்வதுபோல, திட்டுவதுபோல, "கிணத்துல சாடு" என்று கட்டளை போடுவதுபோல இருக்கும். அவர் காதில் அது நிஜமாகவே விழுகிறது, நடிப்பு இல்லை. அடுத்தது, எந்த ஆதாரம் காட்டினாலும் அசையாத தவறான நம்பிக்கை. டி.வி.யில் தன்னைப் பற்றிச் சொல்கிறார்கள், போனை ஒட்டுக்கேட்கிறார்கள், தன் எண்ணங்களை யாரோ திருடுகிறார்கள் என்பார். பேச்சு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் போகலாம். இவற்றைவிட அதிகமாகக் கவனத்திலிருந்து தப்புவது இன்னொன்று: குளிக்காமல், யாரோடும் பேசாமல், முகத்தில் சலனமே இல்லாமல் அறைக்குள் ஒடுங்கிவிடுவது. இதை வீட்டார் சோம்பேறித்தனம் என்று நினைத்து ஏசிக்கொண்டே இருப்பார்கள்.

மனப்பிறழ்வு வரும் நோய்களில் அதிகம் பேசப்படுவது மனச்சிதைவு. பெரும்பாலும் பதின்பருவத்தின் கடைசியிலிருந்து முப்பது வயதுக்குள் தொடங்கும். உலகில் சுமார் 2 கோடியே 30 லட்சம் பேருக்கு, அதாவது 345 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்து மக்கள்தொகை 18 லட்சத்து 70 ஆயிரம். அந்த விகிதத்தில் தோராயமாகப் பார்த்தாலே ஐயாயிரம் பேருக்கு மேல் வருகிறது. உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த சாபம் இல்லை இது. வளர்ப்பும் காரணம் இல்லை. மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் இயக்கம் மாறுவது, பரம்பரை, கஞ்சா, கடுமையான மன அழுத்தம் என்று பல காரணங்கள் கூடித்தான் இது வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் பத்தில் ஒன்று. மீதி ஒன்பது பேருக்கு வருவதில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

குடும்பங்களை அதிகம் குழப்புவது சந்தேக நோய் என்று நாம் சொல்லும் டெலூஷனல் டிஸ்ஆர்டர். இது பெரும்பாலும் நடுவயதில் வரும். ஆள் வேலைக்குப் போவார், துணி தேய்த்து உடுப்பார், சீட்டுப் பணத்தைத் தேதி தவறாமல் கட்டுவார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நம்பிக்கை பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும். அதைத் தொடாதவரை எல்லாம் சரியாக இருக்கும். அதனாலேயே ஊர் நம்பாது. "அவருக்கா மனநோய்? போன வாரம்கூட எங்கிட்ட நல்லா பேசினாரே" என்பார்கள், மனைவி தனியாளாகத் தவிப்பாள். தன்னை அழிக்கச் சதி நடக்கிறது என்பது ஒரு வகை. நம் ஊரில் இது எல்லைத் தகராறு, செய்வினை என்று உருவெடுக்கும். துணைமேல் சந்தேகம் இன்னொரு வகை. தோலுக்கடியில் பூச்சி ஊர்கிறது என்று மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்குபவர்கள் உண்டு. பெரிய ஒருவர் தன்னைக் காதலிக்கிறார் என்றோ, தனக்குத் தனிச்சக்தி இருக்கிறது என்றோ நம்புபவர்களும் உண்டு. இப்படி ஒரு நம்பிக்கை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலே அமெரிக்க வரையறைப்படி இந்த நோயாக எடுத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை மூன்று மாதம் என்கிறது. நீங்கள் மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கவேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. நோய்க்குப் பெயர் வைக்க மருத்துவருக்குத்தான் அந்தக் கணக்கு.

சிலருக்குத் திடீரென்று வந்து சில வாரங்களில் முழுசாக மாறிவிடும். சிலருக்கு அளவுமீறிய உற்சாகத்தோடு அல்லது கடும் மனச்சோர்வோடு சேர்ந்து வரும். இதையெல்லாம் பிரித்துப் பார்ப்பது மருத்துவரின் பொறுப்பு.

சாமி ஆடுவதும் நோய்தானா என்று கேட்பார்கள். இல்லை. கொடைவிழாவில் வில்லுப்பாட்டு உச்சத்துக்குப் போகும்போது ஒருவருக்கு அருள் வந்தால் ஊருக்கே அது தெரியும், விழாவோடு அது முடியும், மறுநாள் அவர் தோப்புக்கு வேலைக்குப் போய்விடுவார். கைவிஷம் உண்டு என்று பொதுவாக நம்புவதையும் நோய் என்று சொல்லமுடியாது. ஊரே நம்புகிற ஒன்றுதான் அது. ஆனால் ஒருவர் மட்டும் தனியாக, நாள் முழுக்க, பார்க்கிற எல்லாவற்றையும் அந்த ஒரே விஷயத்தோடு முடிச்சுப் போட்டு, தூக்கத்தையும் வேலையையும் உறவையும் அதற்குக் காவு கொடுத்தால், அங்கே நோய் இருக்கிறது.

படி 2: இது உடல் நோயா என்று முதலில் பாருங்கள்

இதில் தாமதம் கூடாது. கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும், தேவையானால் 108-ஐக் கூப்பிட்டு.

வயதான ஒருவர் ஒன்றிரண்டு நாளில் திடீரென்று மாறி, இல்லாத ஆட்களைப் பார்த்துப் பேசி, காலையில் தெளிந்து மாலையில் குழம்பினால், அது பெரும்பாலும் மூளையை உடல்நோய் பாதித்த நிலை. சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்து குறைவது, சர்க்கரை தாறுமாறாவது, புதிதாகத் தொடங்கிய மருந்து என்று காரணம் இருக்கும், சரி செய்யலாம்.

தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வியர்த்து, சுவரில் பூச்சி ஓடுகிறது என்று அலறினால், அது உயிருக்கே ஆபத்தான நிலை. "குடியை விட்டதால பேய் பிடிச்சுட்டு" என்று பூட்டி வைத்துவிடாதீர்கள்.

பிரசவமான பெண்ணுக்கு முதல் இரண்டு வாரங்களில் தூக்கமே இல்லாமல், குழந்தை மாறிவிட்டது, குழந்தைக்குள் ஏதோ இருக்கிறது என்ற பேச்சு தொடங்கினால் அதுவும் அவசரநிலை. ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் இப்படி நேர்கிறது. சிகிச்சை கிடைத்தால் நன்றாகத் தேறிவிடுவார்கள். அதுவரை தாயையும் குழந்தையையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக்கூடாது. அவளைக் குறை சொல்லவும் கூடாது.

காய்ச்சல், வலிப்பு, தலையில் அடி ஆகியவற்றோடு வரும் குழப்பமும் இந்தப் பட்டியலில் சேரும். தைராய்டு, பி12 குறைவு, ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவையும் மனப்பிறழ்வை உண்டாக்கலாம் என்பதால்தான் முதல் நாளே ரத்தப் பரிசோதனை எழுதுகிறார்கள்.

படி 3: ஒரு நோட்டில் எழுதுங்கள்

எப்போது தொடங்கியது, எத்தனை மணிநேரம் தூங்குகிறார், என்ன சொல்கிறார் (அவர் வார்த்தையிலேயே), குடி, கஞ்சா உண்டா, குடும்பத்தில் முன்பு யாருக்காவது இருந்ததா, இப்போது சாப்பிடும் மற்ற மருந்துகள், செத்துவிடுவேன் என்றோ யாரையாவது வெட்டுவேன் என்றோ சொன்னாரா. ஒரு பக்கம் போதும். மருத்துவர் முன்னால் அவர் அமைதியாக, நல்லவிதமாகத்தான் பேசுவார். சந்தேக நோயில் கட்டாயம் அப்படித்தான். அந்த நேரத்தில் இந்த ஒரு பக்கம் கைகொடுக்கும்.

படி 4: அவரோடு பேசுவது

ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். திங்கள்சந்தைப் பக்கம், தனியாக இருக்கும் ஐம்பது வயது தாண்டிய ஓர் அம்மா. பக்கத்து வீட்டிலிருந்து ராத்திரி விஷ வாயு விடுகிறார்கள் என்று வென்டிலேட்டர் எல்லாவற்றிலும் செய்தித்தாளை மடித்துத் திணித்து டேப் ஒட்டியிருந்தார். சாவித் துவாரத்தில்கூடப் பஞ்சு. அண்ணன் மகன் நல்ல மனசோடு ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து, வாயு எதுவும் இல்லை என்று வீடு முழுக்கச் சோதித்துக் காட்டினான். அந்த அம்மா அமைதியாகக் கேட்டுவிட்டு, "அந்த மெக்கானிக்கையும் அவன் கையில போட்டுட்டான்" என்றார். அன்றோடு அண்ணன் மகனையும் வீட்டுக்குள் விடவில்லை.

ஆதாரம் காட்டினால் நம்பிக்கை இப்படித்தான் இன்னும் பெரிதாகும். ஆதாரத்தைக் கொண்டுவந்தவரும் சதியில் சேர்ந்துவிடுவார். பிறகு அண்ணன் மகனின் மனைவி போய்ப் பேசினாள்.

"மாமி, ராத்திரி ஒறங்கினியளா?"

"எங்க மக்ளே ஒறங்க? ரெண்டு மணிக்கெல்லாம் நாத்தம் மூக்கைத் தொளைக்கு. நெஞ்சு படபடன்னு அடிக்கு."

"இப்பிடி ஒறங்காம கெடந்தா ஒடம்பு என்னத்துக்காவும்? நாளைக்கு நான் கூட வாறேன். ஒறக்கத்துக்கும் படபடப்புக்கும் டாக்டர்ட்ட காட்டிட்டு வருவோம்."

"அப்போ நாத்தம் பொய்யின்னு சொல்லுதியா?"

"எனக்கு அந்த நாத்தம் வரல்ல மாமி. ஒங்களுக்கு வருது. அதுல நீங்க படுற பாடு எனக்குத் தெரியுது."

அந்த மருமகள் எந்த இடத்திலும் பொய் சொல்லவில்லை. "ஆமா, வாயு வருது" என்று ஒத்து ஊதவும் இல்லை, "பிராந்து பிடிச்சிருக்கு" என்று சொல்லவும் இல்லை. அந்த அம்மாவே ஒத்துக்கொள்ளும் ஒரு கஷ்டத்தை, தூக்கமின்மையை, பிடித்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து அவர் கிளம்பி வந்தார்.

செய்யக்கூடாத சிலவும் உண்டு. நாலைந்து உறவினர்கள் சுற்றி நின்று ஆளுக்கொரு பக்கம் அறிவுரை சொல்வது வேண்டாம். ஒருவர் மட்டும் பேசினால் போதும். அவர் யாரை நம்புகிறாரோ அவர் பேசட்டும், சித்தப்பா ஆனாலும் பக்கத்துக் கடைக்காரர் ஆனாலும். அவர் காதுபடக் கிசுகிசுக்காதீர்கள், ஜாடை காட்டாதீர்கள். ஏற்கெனவே எல்லோரும் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நம்புபவர் அவர். கல்யாண வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று ஏமாற்றி மருத்துவமனை வாசலில் இறக்குவதும் வேண்டாம். ஒருமுறை பலிக்கும், அடுத்த பத்து வருடம் உங்களை நம்பமாட்டார்.

படி 5: எங்கே போவது

நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவும், உடல்நோய் சந்தேகம் வந்தால் மற்ற எல்லாப் பிரிவுகளும் ஒரே வளாகத்தில் கிடைக்கும் என்பதால், முதல்முறை காட்டுபவர்களுக்கு அதையே சொல்வேன். கல்குளம், விளவங்கோடு பக்கத்தார் தக்கலை அரசு மருத்துவமனையில் விசாரிக்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் எந்த நாளில் எந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மாதாமாதம் மாத்திரை வாங்க அது பக்கமாக இருக்கும். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.

மேற்குப் பக்கத்தார் பலர் திருவனந்தபுரம் போகிறார்கள். 1956 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த மாவட்டம் நம்முடையது, அந்தப் பழக்கம் விடவில்லை. அங்கே ஊளம்பாறையில் இருக்கும் அரசு மனநல மருத்துவமனையின் பெயரை நம் ஊரில் கேலிக்கும் திட்டுக்கும் பயன்படுத்தியே பலரை மருத்துவத்தின் பக்கம் வரவிடாமல் செய்துவிட்டோம். எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பிடித்த மாவட்டத்தில் இந்தக் கேலி இன்னும் ஓடுவது எனக்குத் தாங்கவில்லை.

ஆளைக் கூட்டிவர முடியவில்லையா? குடும்பத்தார் மட்டும் நோட்டோடு வந்து ஆலோசனை கேட்கலாம். ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416. 24 மணிநேரமும் இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.

ஆபத்து இருந்து, அவர் வரவே மறுத்தால், 2017 மனநல மருத்துவச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியாகப் பரிசோதித்து, தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்றோ, தன்னைத்தானே கவனித்துக்கொள்ள முடியாத நிலை என்றோ கண்டால், அவர் நியமித்த பிரதிநிதியின், அப்படி யாரையும் நியமிக்கவில்லை என்றால் உறவினரின், விண்ணப்பத்தின்பேரில் 30 நாள் வரை அனுமதிக்கலாம். தெருவில் அலைபவரைப் போலீசார் பாதுகாப்பில் எடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக்கூடாது.

படி 6: மருந்து

1952-இல் மனப்பிறழ்வுக்கான முதல் மருந்து வந்தது. இப்போது ரிஸ்பெரிடோன், ஒலான்ஸபைன், அரிப்பிப்ரஸோல், அமிசல்பிரைடு, ஹாலோபெரிடால் என்று பல இருக்கின்றன. எந்த மருந்து, எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரையை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

எது எப்போது மாறும் என்று தெரிந்தால் பதற்றம் குறையும். தூக்கமும் படபடப்பும் சில நாளிலேயே அடங்கும். குரலும் பயமும் குறைய வாரங்கள் ஆகும். சரியான அளவில் நான்கிலிருந்து ஆறு வாரம் கொடுத்துப் பார்த்துத்தான் மருந்து வேலை செய்கிறதா என்று முடிவு செய்வார்கள். நம்பிக்கைக்கு மாதங்கள் ஆகலாம். சந்தேக நோயில் சிலருக்கு அது முழுசாகப் போகாது, அதன் பிடி மட்டும் தளரும். நான் சொன்ன அந்த அம்மா இரண்டு மாதம் கழித்தும் ஒரு வென்டிலேட்டரில் செய்தித்தாளை எடுக்கவில்லை. ஆனால் ராத்திரி தூங்கினார், சந்தைக்குப் போனார், அண்ணன் மகனுக்குச் சாயா போட்டுக் கொடுத்தார். வாயு பற்றிக் கேட்டால், "அது கெடக்கட்டும்" என்றார். இது பெரிய முன்னேற்றம். "இப்பவாவது அது பொய்யின்னு ஒத்துக்கிடுதியளா?" என்று கேட்டு அதைக் கெடுக்காதீர்கள்.

பக்கவிளைவுகளை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், மறைத்தால்தான் பாதியில் நிறுத்துவார்கள். தூக்கக் கலக்கம், எடை கூடுவது, சர்க்கரை ஏறுவது, கை நடுக்கம், ஒரு இடத்தில் உட்காரமுடியாத தவிப்பு, எச்சில் ஒழுகுவது, பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவது எல்லாம் வரலாம். பெரும்பாலானவற்றை அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ சரி செய்யலாம். தொடக்க நாட்களில் சிலருக்குக் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும், கண் மேலே செருகும். பார்த்தவர்கள் பேய்தான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அது மருந்தால் தசை இறுகுவது. மருத்துவமனையில் ஒரு ஊசி போட்டால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். கடுங்காய்ச்சலோடு உடம்பு விறைத்து, குழப்பமும் வந்தால் மட்டும் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். எப்போதாவதுதான் வரும், ஆனால் உயிருக்கு ஆபத்து.

வேலையைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பால் வெட்டப் போகிறவர் விடிவதற்கு முன்பே ரப்பர் தோட்டத்தில் நிற்கவேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு மாத்திரை போட்டால் எழும்ப முடியாது, அந்த ஒரு காரணத்தாலேயே மாத்திரையை விட்டுவிடுவார். மாலையிலேயே சாப்பிட்டுப் படுக்கலாமா, தூக்கம் குறைவாக வரும் மருந்துக்கு மாறலாமா என்று கேளுங்கள். பனையோ தென்னையோ ஏறுபவர்கள், மருந்து தொடங்கிய முதல் வாரங்களிலும் அளவு கூட்டும்போதும் ஏறக்கூடாது. எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். தூத்தூர், வள்ளவிளை பக்கம் விசைப்படகில் போகிறவர்கள் வாரக்கணக்கில் கடலில் இருப்பார்கள். அவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் நீண்டநாள் ஊசி நல்ல வழி. கரைக்கு வரும் நாளோடு பொருந்துமா என்று மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் மருந்தின் மூலப்பெயர் எழுதிய சீட்டையும் மருத்துவர் கடிதத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டு விதியைப் போகும் முன்பே விசாரியுங்கள்.

மீன் குழம்பில் மாத்திரையைப் பொடித்துக் கலந்து கொடுக்கும் வீடுகள் நிறைய இருக்கின்றன. அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்று நம்புபவரின் தட்டில் நிஜமாகவே ஏதோ கலந்திருக்கிறது என்று ஒருநாள் தெரிந்தால், அவர் நம்பிக்கைக்கு நீங்களே சாட்சி கொடுத்ததாகிவிடும். அவர் சம்மதத்துக்கும் மதிப்பு உண்டு. வாயில் வைத்தால் கரையும் மாத்திரை, சொட்டு மருந்து, ஊசி என்று வேறு வடிவங்கள் இருக்கின்றன. மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.

இரண்டு மருந்துகளைப் போதுமான அளவில், போதுமான நாள் கொடுத்தும் குறையாவிட்டால் குளோசபைன் என்ற மருந்து உண்டு. அதற்கு ரத்தப் பரிசோதனை கட்டாயம், முதல் 18 வாரம் வாராவாரம். மருத்துவர் மின்சிகிச்சை (ஷாக் சிகிச்சை) சொன்னால் பயப்படவேண்டாம். மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்யவேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

எத்தனை நாள்? முதல்முறை என்றால், நன்றாக ஆனபிறகும் ஒன்றிலிருந்து இரண்டு வருடம். திரும்பத் திரும்ப வந்தால் இன்னும் நீளும். "நல்லாத்தான் இருக்காரே, எதுக்கு மாத்திரை?" என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்வார். மனச்சிதைவில் மருந்தை நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு வருடத்துக்குள் நோய் திரும்பிவிடுகிறது.

மருந்தோடு பேச்சுச் சிகிச்சையும், குடும்பத்துக்கான ஆலோசனையும் சேர்ந்தால் பலன் கூடும். மனச்சிதைவு வந்தவர்களில் குறைந்தது மூன்றில் ஒருவர் முழுசாகக் குணமடைய முடியும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு.

படி 7: கோயில், சர்ச், தர்கா

போங்கள். நான் தடுக்கமாட்டேன். மண்டைக்காட்டுக்கும், கோட்டாறு சவேரியாருக்கும், தக்கலை பீரப்பாவுக்கும் போய் வேண்டிக்கொள்வதில் கிடைக்கும் ஆறுதல் குடும்பத்துக்கு வேண்டும். ஜெபமும் நேர்ச்சையும் ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம் என்று இரண்டையும் நடத்துங்கள். மூன்று விஷயம் மட்டும் கூடாது: மருந்தை நிறுத்தச் சொல்வது, அடித்து ஓட்டுவது, கட்டிப்போடுவது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓடமுடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று இப்போது சட்டமே தடை செய்திருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் கட்டிவைத்திருப்பவர்கள் மனம் இல்லாதவர்கள் அல்ல, வழி தெரியாதவர்கள். அவர்களுக்கு 14416 எண்ணைக் கொடுங்கள்.

படி 8: ஆபத்தைக் கணக்கில் எடுங்கள்

மனநோய் வந்தவர்களில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. அவர்கள் தாக்கப்படுவதும், தற்கொலை செய்துகொள்வதும்தான் அதிகம். ஆனால் துணைமேல் சந்தேகம் கொள்ளும் நோயில் மனைவியின் பாதுகாப்பை முதலில் பார்க்கவேண்டும். போனைச் சோதிப்பது, துணியை முகர்ந்து பார்ப்பது, வேலை செய்யும் இடத்துக்கே பின்தொடர்ந்து வருவது, குடித்துவிட்டு ராத்திரியெல்லாம் விசாரிப்பது, ஒரு குறிப்பிட்ட ஆளின் பெயரைச் சொல்லி மிரட்டுவது என்று வளர்ந்தால், அந்தப் பெண் தாய்வீட்டிலோ உறவினர் வீட்டிலோ தங்கட்டும். "புருஷன்தானே, பொறுத்துப் போ" என்று திருப்பி அனுப்பாதீர்கள். சண்டையை நிறுத்துவதற்காக, செய்யாததைச் செய்ததாக அவள் ஒத்துக்கொள்ளவே கூடாது. அதன்பிறகு அடி இன்னும் கூடும். வெட்டுகத்தி, பால்வெட்டும் கத்தி, தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்து எல்லாவற்றையும் வீட்டைவிட்டு அகற்றுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

குரல் கட்டளை போடுகிறதா என்று அவரிடமே நேராகக் கேளுங்கள். "செத்துப்போலாம்னு தோணுதா மக்ளே?" என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆம் என்றால் அன்று ராத்திரி அவரோடு ஒருவர் கூடவே இருக்கவேண்டும், மறுநாள் காலை மருத்துவமனை. உடனடி ஆபத்து என்றால் அப்போதே 108.

படி 9: தேறிய பிறகு

வேலைக்கு மெதுவாகத் திரும்பட்டும், முதலில் அரை நாள். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களுக்குக் காது கொடுக்காதீர்கள். நோய் அடங்கி, இரு தரப்புக்கும் விஷயம் தெரிந்து நடக்கும் கல்யாணம் வேறு. மறைத்துச் செய்வது இரண்டு பேரையும் படுகுழியில் தள்ளும். கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண் தானாக மருந்தை நிறுத்தாமல், முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளவேண்டும்.

நோய் நீடித்து வேலைத்திறன் பாதித்திருந்தால், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் இருக்கிறது. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் எந்தெந்த உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். மற்ற நோய்களுக்குக் கொடுப்பதுபோலவே மனநோய் சிகிச்சைக்கும் காப்பீடு கொடுக்கவேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

பார்த்துக்கொள்பவருக்கும் தூக்கம் வேண்டும். ஒரே ஆள்தான், பெரும்பாலும் அம்மாவோ அக்காவோ, எல்லாவற்றையும் சுமக்கிறார். மாதத்தில் சில நாளாவது வேறொருவர் முறை மாற்றட்டும்.

கடைசியாக ஒன்று. நோய் திரும்புவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி அறிகுறி இருக்கும். ஒருவருக்குத் தூக்கம் கெடும், இன்னொருவர் ஜன்னலைச் சாத்தத் தொடங்குவார். அவர் தெளிவாக இருக்கும் நாளில் அவரோடு உட்கார்ந்து, அவரைக் கொண்டே எழுதச் சொல்லுங்கள்: எனக்கு எந்த அறிகுறி முதலில் வரும், அப்போது யார் என்னிடம் பேசவேண்டும், எந்த மருந்து ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை, எந்த மருத்துவமனைக்குப் போகச் சம்மதம். இப்படி முன்கூட்டியே எழுதிவைக்கவும், தனக்கொரு பிரதிநிதியை நியமிக்கவும் 2017 சட்டம் அவருக்கு உரிமை கொடுத்திருக்கிறது. அதற்கான படிவத்தையும் பதிவு செய்யும் முறையையும் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். ஒரு நகல் மருந்துச் சீட்டோடு வீட்டில் இருக்கட்டும், ஒன்றை மருத்துவரின் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.